கடிகாரத்துக்குச் சாவி கொடு

பழைய விமானங்களின் காக்பிட்டில் சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கும். ஒரு முறை முறுக்கினால் எட்டு நாள் ஓடும். புதிதாக வரும் விமானிகளிடம் அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் சொல்வது உண்டு: மணி அடித்தால், சிவப்பு விளக்கு எரிந்தால், முதல் வேலையாக அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடு. அதனால் எந்தக் கோளாறும் சரியாகிவிடாது. ஆனால் எதையாவது செய்தே தீர வேண்டும் என்று கை பரபரக்கும் அந்தச் சில விநாடிகளில், எதையும் கெடுத்துவிடாத வேலை அது. சாவி கொடுத்து முடிப்பதற்குள் மூளை கையை எட்டிப் பிடித்துவிடும்.

இன்றைய காக்பிட்டில் முறுக்குவதற்குக் கடிகாரம் இல்லை. பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு ஹைட்ராலிக் பம்ப் நின்றுபோனால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். ஒரு ஜெனரேட்டர் போனால் மற்றது சுமையைத் தாங்கும். இரண்டு என்ஜின்களில் ஒன்று நின்றாலும் விமானம் பறக்கும். உடனே கை வைத்தாக வேண்டிய கோளாறுகள் மிகச் சில. அவற்றுக்குச் செய்ய வேண்டியதை விமானிகள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கேபினில் காற்றழுத்தம் போவது அப்படி ஒன்று. 35,000 அடியில் ஆக்ஸிஜன் முகமூடி இல்லாமல் தெளிவாக யோசிக்கக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். அங்கே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது, முதலில் முகமூடி. மற்ற பெரும்பாலான கோளாறுகளுக்கு நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்பதை நம்புவதுதான் கஷ்டம்.

விமானத்தை வடிவமைப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் எச்சரிக்கைகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏர்பஸ் விமானங்களில் சிவப்பு என்றால் உடனே கவனி. மணி விடாமல் அடிக்கும். ஆம்பர் என்றால் தெரிந்துகொள், கொஞ்சம் பொறுக்கலாம். ‘டிங்’ என்று ஒரே ஒரு ஓசை. அதற்கும் கீழே, ஓசையே எழுப்பாமல் திரையில் ஒரு வரியாக மட்டும் வந்து நிற்கும் ரகம் ஒன்று உண்டு. இரண்டு விமானிகளின் கண்ணெதிரிலும் ஒரு விளக்குப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பெரும்பாலான ஓசைகள் நின்றுவிடும். சத்தத்தை நிறுத்துவது அலட்சியம் அல்ல. பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழ வேண்டுமே.

எச்சரிக்கை ஒலிப்பதைவிட அது வாய்மூடி இருக்கும் நேரம்தான் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. ஓடுபாதையில் 80 நாட் வேகத்தைத் தாண்டியதிலிருந்து விமானம் 1,500 அடி ஏறும்வரை, என்ஜின் தீ போன்ற மிக முக்கியமானவற்றைத் தவிர மற்றதையெல்லாம் ஏர்பஸ் கணினி தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகும், 400 அடி ஏறும்வரை விமானிகள் எந்த சுவிட்சையும் தொடுவதில்லை. விசிறி ஒன்று நின்றுபோன செய்தி, 70 டன் எடையை ஓட்டிக்கொண்டு ஓடுபாதையின் முடிவை நோக்கிப் பாயும் ஒருவர் கேட்க வேண்டிய செய்தி அல்ல. உண்மையைச் சொல்வதற்கும் நேரம் காலம் உண்டு. சின்னக் கோளாறு ஒன்று காக்பிட்டின் மொத்தக் கவனத்தையும் விழுங்கிவிடலாம் என்பதை எழுபதுகளின் விபத்துகள் இந்தத் துறைக்குக் காட்டின.

அவற்றில் ஒன்றைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். 1972 டிசம்பர் 29, இரவு. நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 மயாமியில் இறங்கத் தயாராகிறது. லாக்ஹீட் டிரைஸ்டார், வாங்கிச் சில மாதங்களே ஆன விமானம். சக்கரங்களை இறக்கும் நெம்புகோலைத் தள்ளியதும் மூன்று பச்சை விளக்குகள் எரிய வேண்டும். மூக்குச் சக்கரத்துக்கான விளக்கு மட்டும் எரியவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லையா, பல்பு போய்விட்டதா? கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லிவிட்டு 2,000 அடிக்கு ஏறி, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் மேல் மேற்கே போகிறார்கள். கீழே ஒரு வெளிச்சம்கூடக் கிடையாது. ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

துணை விமானி பல்பு இருக்கும் கூட்டைக் கழற்றுகிறார். திரும்பப் பொருத்தும்போது அது ஏடாகூடமாகச் சிக்கிக்கொள்கிறது. ஃபிளைட் என்ஜினியரை, தரைக்குக் கீழே உள்ள கருவி அறைக்குள் இறங்கிச் சக்கரத்தைக் கண்ணால் பார்த்துவரச் சொல்கிறார் கேப்டன். தற்செயலாகக் காக்பிட்டில் பயணம் செய்த பராமரிப்பு நிபுணர் ஒருவரும் அவர் பின்னாலேயே இறங்குகிறார். இதற்கிடையில் யாரோ, அநேகமாகக் கேப்டன், திரும்பிப் பேசும்போது கட்டுப்பாட்டுத் தண்டை லேசாக இடித்திருக்கிறார். உயரத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு அதில் விடுபட்டுவிட்டது. விமானம் மெல்ல, உடம்புக்கே தெரியாதபடி இறங்கத் தொடங்கியது.

குறித்த உயரத்திலிருந்து 250 அடி விலகினால் ஒரு எச்சரிக்கை ஓசை வரும். வந்தது. அரை விநாடி. காக்பிட் ஒலிப்பதிவில் அது கேட்கிறது. அதன் ஒலிபெருக்கி இருந்தது ஃபிளைட் என்ஜினியரின் இருக்கையருகே; அந்த நேரம் இருக்கை காலி. மயாமி ராடாரில் இருந்தவருக்கு 401-இன் உயரம் 900 அடி என்று தெரிந்தது. ராடார் எண்கள் சில விநாடி பிசகுவது வழக்கம் என்பதால் அவர் உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அங்கே வேலை எப்படிப் போகிறது என்று பொதுவாக விசாரித்தார். திரும்பி வருகிறோம் என்று பதில் வந்தது. அரை நிமிடத்துக்குள் விமானம் சதுப்பில் மோதியது. இருந்த 176 பேரில் 101 பேர் இறந்துபோனார்கள்.

மூக்குச் சக்கரம் சரியாகவே இறங்கிப் பூட்டியிருந்தது. பல்புதான் போயிருந்தது. கல்யாண வீட்டில் கரண்ட் போனால் பத்துப் பேர் ஃபியூஸ் பெட்டிக்கு ஓடுவார்கள், அடுப்பில் சாம்பார் அடிபிடிக்கும். அதுதான் அங்கே நடந்தது. தகுதியும் அனுபவமும் உள்ள நான்கு பேர், ஒரு பல்பு. விமானத்தை ஓட்டும் பொறுப்பு யாரிடமும் இல்லை என்பதை அந்த நான்கு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆறு ஆண்டு கழித்து, 1978 டிசம்பர் 28-இல், போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று சக்கரக் கோளாறை ஆராய்ந்துகொண்டே வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதை மற்ற இருவரும் சொல்லத்தான் செய்தார்கள். கேப்டன் மனதில் பதியும்படி அழுத்திச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு நாசா இதற்காகவே ஒரு கருத்தரங்கு கூட்டியது. காக்பிட்டில் இருக்கும் மனிதர்களும் எரிபொருளைப் போல அளந்து செலவிட வேண்டிய வளம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பயிற்சியாக வளர்ந்தது.

இப்போது ஒரு எச்சரிக்கை வரும்போது காக்பிட்டில் நடப்பதைப் பார்த்தால், வெளியாளுக்குச் சற்று மந்தமாகவே தெரியும். ஒருவர், ‘விமானம் என் கையில்’ என்று வாய்விட்டுச் சொல்கிறார். அந்தக் கணத்திலிருந்து உயரம், வேகம், திசை அவர் பொறுப்பு. கோளாறு அவர் வேலை அல்ல. இன்னொருவர் திரையில் வந்த வரியை உரக்கப் படிக்கிறார். ஏர்பஸ்ஸில் ஈகேம் என்ற அமைப்பு கோளாறின் பெயரையும் செய்ய வேண்டியதையும் வரிவரியாகக் காட்டும். என்ஜினை நிறுத்துவது, தீயணைப்புப் பொத்தானை அழுத்துவது போன்ற திரும்பப் பெற முடியாத செயல்களுக்குத் தனி மரியாதை உண்டு. படிப்பவர் அந்த சுவிட்சின் மேல் விரலை வைப்பார், ஆனால் அழுத்த மாட்டார். ‘இரண்டாவது என்ஜின் மாஸ்டர் சுவிட்ச், சரிதானா?’ ஓட்டுபவர் திரும்பி, விரல் இருக்கும் இடத்தைத் தன் கண்ணால் பார்த்து, ‘சரி’ என்ற பிறகுதான் சுவிட்ச் நகரும்.

இவ்வளவு சடங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1989 ஜனவரி 8-ஐச் சொல்லலாம். லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737-இல் இடது என்ஜினின் விசிறித் தகடு உடைந்தது. குலுக்கல், கருகல் நாற்றம், புகை. எந்த என்ஜின் என்று கேப்டன் கேட்க, துணை விமானி இடது என்று சொல்ல வாயெடுத்து, வலது என்று முடித்தார். வலது என்ஜினின் விசையைக் குறைத்தார்கள். தற்செயலாகக் குலுக்கலும் புகையும் குறைந்தன. வேறு சாட்சி வேண்டுமா? நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது என்ஜினை நிறுத்தினார்கள். வலது என்ஜினில் கோளாறு என்று கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, இடது பக்கம் தீப்பொறி பறப்பதைப் பார்த்த பயணிகள் குழம்பினார்களே தவிர யாரும் முன்னால் போய்ச் சொல்லவில்லை. இறங்கும் நேரத்தில் இடது என்ஜின் முற்றாக நின்று, கெக்வொர்த் ஊருக்கருகே நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் மாண்டார்கள். தப்பான முடிவைவிட, அது சரிதான் என்று தற்செயலாகக் கிடைத்த ஆறுதலே அங்கே ஆளைக் கொன்றது என்பேன்.

சில நேரம் குற்றம் எச்சரிக்கையிலேயே இருக்கும். 2005 ஆகஸ்ட் 14-இல் சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737-இல் காற்றழுத்த சுவிட்ச் தானியங்கியில் இல்லாமல் ‘மேனுவல்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தது. ஏறும்போது எச்சரிக்கை ஊதியது. ஆனால் ஓடுபாதையில், புறப்படத் தயாராக இல்லாத நிலையை உணர்த்துவதற்கும் அதே ஊதல்தான். விமானிகள் அந்த இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டார்கள். ஆக்ஸிஜன் குறையக் குறைய, தப்பாக நினைத்திருக்கிறோம் என்று சந்தேகப்படும் திறனும் போய்விடும். 121 பேரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் 737-இல் இரண்டுக்கும் தனித்தனி விளக்குகள் வந்தன.

எச்சரிக்கை என்பது ஒரு உணர்கருவி எதை உணர்ந்தது என்ற தகவல்; விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்ற தகவல் அல்ல. இரண்டுக்கும் உள்ள தூரத்தை மனிதர்கள்தான் கடக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 24-இல் டொரண்டோவிலிருந்து லிஸ்பன் போய்க்கொண்டிருந்த ஏர் டிரான்சாட் ஏ330-இல் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். அட்லாண்டிக்கின் நடுவே, வலது என்ஜினின் எண்ணெய் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருந்தது, அதன் அழுத்தம் கூடியிருந்தது. இப்படி ஒரு சேர்க்கையை விமானிகள் பார்த்ததில்லை. கருவிதான் பொய் சொல்கிறது என்று எண்ணினார்கள். உண்மையில் எரிபொருள் குழாய் ஒன்று ஓட்டையாகி டன் கணக்கில் கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெயின் சூட்டை எரிபொருளுக்கு மாற்றும் சாதனம் ஒன்று வழியில் இருக்கிறது. கசிவால் அதன் வழியே எரிபொருள் வெள்ளமாய்ப் பாய, எண்ணெய் குளிர்ந்தது. குளிர்ந்த எண்ணெய் தடித்து அழுத்தம் ஏறியது. எண்ணெய்க் கருவி சொன்னது சத்தியம். ஆனால் அது எரிபொருளைப் பற்றிய சத்தியம்.

பிறகு, இரண்டு பக்கத் தொட்டிகளிலும் எரிபொருள் சமமாக இல்லை என்று திரை சொன்னது. செக்லிஸ்ட்டைத் திறக்காமல், ஞாபகத்திலிருந்தே குறுக்குக் குழாயைத் திறந்துவிட்டார்கள். கசிவு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் இதைச் செய்யாதே என்ற வரி அந்தச் செக்லிஸ்ட்டில் இருந்தது. நல்ல தொட்டியின் எரிபொருளும் ஓட்டை வழியே வெளியே போனது. இரண்டு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இரண்டும் நின்ற பிறகு சுமார் 19 நிமிடம் மிதந்தே வந்து, அசோரஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் விமானதளத்தில் இறக்கினார்கள் என்பது வேறு கதை. 306 பேரும் பிழைத்தார்கள்.

இந்தப் பாடங்களெல்லாம் ஒரே நாளில் தேர்வுக்கு வந்தது 2010 நவம்பர் 4-இல். சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டஸ் 32, ஏ380 விமானம், 469 பேர். காலை 10 மணி கடந்து ஒரு நிமிடம். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேல் சுமார் 7,000 அடி. இரண்டு வெடிச்சத்தம். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி முதலில் தொட்டது உயரத்தைப் பிடித்துவைக்கும் பொத்தானை. விமானம் ஏறுவதை நிறுத்தி மட்டமானது. பிறகுதான் துணை விமானி மேட் ஹிக்ஸ் திரையைப் படிக்கத் தொடங்கினார்.

படித்துத் தீரவில்லை. இரண்டாவது என்ஜின் அதீதச் சூடு. ஓரிரு விநாடி மட்டும் தீ எச்சரிக்கை. ஹைட்ராலிக், மின்சாரம், பிரேக், எரிபொருள், மற்ற என்ஜின்களின் கட்டுப்பாடு. ஒரு வரியை முடித்து நீக்கினால் அடியில் காத்திருந்த அடுத்தது மேலே வரும். சோதனைக்காகவும் பயிற்சிக்காகவும் வந்திருந்த இரண்டு கேப்டன்களைச் சேர்த்து அன்று காக்பிட்டில் ஐந்து விமானிகள். ஐந்து பேர் இருந்தும் அந்தப் பட்டியலைக் கடக்கச் சுமார் 50 நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரமும் விமானம் சாங்கி நிலையத்துக்குப் பக்கத்திலேயே வட்டமடித்தது. கட்டுப்பாட்டு அறைக்கு அவர்கள் சொன்னது ஆபத்து அழைப்பான ‘மேடே’ அல்ல, அதற்கு ஒரு படி கீழான ‘பான்’. உடனே இறங்கியிருக்கலாமே என்று செய்தி படித்தவர்கள் கேட்டார்கள். பிரேக் எவ்வளவு பிடிக்கும், இறக்கை எவ்வளவு வளையும் என்று தெரியாமல், நிர்ணயித்த இறங்கும் எடைக்கு மேல் ஏறக்குறைய 50 டன்னுடன் ஓடுபாதையைத் தொடுவதைவிட, வானில் இருப்பதே அப்போது பாதுகாப்பு.

இரண்டாம் அதிகாரி கேபினுக்குள் போனார். பயணியாக வந்திருந்த ஒரு குவாண்டஸ் விமானி தன் முன்னிருக்கையின் பொழுதுபோக்குத் திரையைக் காட்டினார். வால் இறக்கையில் பொருத்திய கேமராவின் படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. பயணிகள் வேடிக்கை பார்ப்பதற்காக வைத்தது. இடது இறக்கையிலிருந்து ஏதோ தாரையாக ஒழுகுவது தெரிந்தது. கோடிக்கணக்கில் செலவழித்த எச்சரிக்கை அமைப்பு வரிவரியாகச் சொன்னவற்றைக் கோத்து ஒரு காட்சியாக்கிக் கொடுத்தது அந்தச் சின்னத் திரைதான்.

பிறகு, எரிபொருள் சமமில்லை, மாற்று என்று ஈகேம் சொன்னபோது அவர்கள் மாற்றவில்லை. எந்தக் குழாய் முழுசாக இருக்கிறது என்று தெரியாமல் எதையும் திறக்கக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். செக்லிஸ்ட்டைத் திறக்காதது அசோரஸ் வழியில் தப்பாகப் போனது. இங்கே செக்லிஸ்ட்டைப் படித்து, யோசித்து, வேண்டாம் என்று வைத்தது சரியாகப் போனது. விதியை மீறும் உரிமை, அதைப் படித்துப் பார்த்தவருக்குத்தான் உண்டு.

ஒரு கட்டத்தில் டி கிரெஸ்பினி கணக்கையே தலைகீழாக்கினார். எது எது போச்சு என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எது எது மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். சிறிய செஸ்னா விமானம் ஒன்றை ஓட்ட என்ன வேண்டுமோ, அது இருக்கிறதா? இருந்தது. அது போதும். அந்த நேரம்வரை திரையில் வந்த வரிகளில் ஒன்றுகூட, டர்பைன் தட்டு உடைந்து இறக்கையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லவில்லை. அதை உணர்வதற்கு எந்தக் கருவியும் பொருத்தப்படவில்லை.

இறங்கும் தூரத்தைக் கணக்கிட்டபோது கணினி முதலில் விடையே தரவில்லை. ஓடுபாதை ஈரம் என்று உள்ளிட்டிருந்ததை நீக்கினார்கள். அன்று அது காய்ந்துதான் இருந்தது. 4,000 மீட்டர் ஓடுபாதையில் சுமார் 100 மீட்டர் மிச்சம் என்று விடை வந்தது. இறங்குமுன், வேகத்தைக் குறைத்த நிலையில் விமானம் சொன்னபடி கேட்கிறதா என்று இடமும் வலமும் சாய்த்துப் பார்த்துக்கொண்டார்கள். 11:46-க்குத் தரை தொட்டார்கள். ஓடுபாதை முடிய ஏறக்குறைய 150 மீட்டர் இருக்கும்போது விமானம் நின்றது.

நின்ற பிறகும் தீரவில்லை. பிரேக்குகளின் சூடு 900 டிகிரி செல்சியஸ், நான்கு டயர்கள் காற்றிழந்து கிடக்கின்றன, இடது இறக்கையிலிருந்து எரிபொருள் கொட்டுகிறது, அணைத்தாலும் முதல் என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சறுக்குப் பலூன்களை விரித்து எல்லோரையும் வெளியே தள்ளுவதா? சறுக்கில் எலும்பு முறிவுகள் சகஜம். கீழேயோ எரிபொருள் குட்டை, பக்கத்தில் ஓடும் என்ஜின். தீயணைப்பு வீரர்கள் நுரை அடித்துக்கொண்டிருக்க, அவசரக் கதவுகளில் பணியாளர்களைத் தயாராக நிறுத்திவிட்டு, பயணிகளை உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். படிக்கட்டு வந்ததும் வலது பக்கக் கதவு ஒன்றின் வழியாக ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. முதல் என்ஜினை நுரையில் மூழ்கடித்து நிறுத்த சுமார் மூன்று மணி நேரம் ஆனது.

பின்னால் நடந்த விசாரணையில், இரண்டாவது என்ஜினுக்குள் எண்ணெய் கொண்டுபோகும் சிறு குழாய் ஒன்றைத் தொழிற்சாலையில் மையம் விலகிக் கடைந்திருந்தது தெரியவந்தது. ஒரு பக்கம் சுவர் மெலிந்து, அங்கே வெடிப்பு விட்டு, கசிந்த எண்ணெய் தீப்பிடித்து, டர்பைன் தட்டு சிதறியிருக்கிறது. அந்த வகை என்ஜின் பொருத்திய மற்ற ஏ380-களிலும் இந்தக் குழாயை அளந்து பார்த்தார்கள். பல என்ஜின்களைக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. குவாண்டஸின் அந்த விமானம் பழுது நீங்கி 2012 ஏப்ரலில் மீண்டும் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தது.